நாட்டுக்கு முன்பே வந்த கவிஞர்கள்: ரொமான்டிக் கவிதையும் தேசிய அடையாளமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

1800ஆம் ஆண்டின் ஐரோப்பிய வரைபடத்தில் போலந்து கிடையாது. பின்லாந்து, ஹங்கேரி, உக்ரைன், ஸ்லோவேனியா, கிரேக்கம் எதுவும் சுதந்திர நாடாக இல்லை. இத்தாலியும் ஜெர்மனியும் துண்டு துண்டாகக் கிடந்தன. அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளில் இந்த மக்களிடையே கவிஞர்கள் பெற்ற இடம் வேறெங்கும் வேறெப்போதும் கவிஞர்களுக்குக் கிடைத்ததில்லை என்றே சொல்லலாம். அந்தக் கதையைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

ரொமான்டிக் கவிதை என்றால் காதல் கவிதைதானே?

காதலும் உண்டு. ஆனால் இங்கே அது ஒரு காலகட்டத்தைக் குறிக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய அலை இது. கிரேக்க, லத்தீன் முன்மாதிரிகளையும் அரசவை நாசூக்கையும் ஒதுக்கிவிட்டு, தனிமனித உணர்ச்சி, இயற்கை, கிராமத்துக் கதைகள், பழங்காலம், சாதாரண மனிதர்களின் பேச்சு ஆகியவற்றின் பக்கம் கவிஞர்கள் திரும்பினார்கள். வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து 1798இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். அதன் 1800ஆம் ஆண்டுப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், மனிதர்கள் நிஜமாகவே பேசும் மொழியில்தான் கவிதை இருக்க வேண்டும் என்றார் வேர்ட்ஸ்வொர்த். இங்கிலாந்தில் அது ஓர் இலக்கியச் சண்டையாக முடிந்துபோனது. மக்கள் பேசுவது ஒரு மொழி, அரசாங்கம் நடப்பது இன்னொரு மொழி என்று இருந்த ஊர்களில் அதே கருத்து அரசியலானது.

கவிதைக்கும் தேசத்துக்கும் முடிச்சுப் போட்டது யார்?

ஒரே ஆளைக் காட்டச் சொன்னால் ஹெர்டர். 1744இல் பிறந்த ஜெர்மானியப் பாதிரியார். 1760களில் ரீகா நகரத்தில் வேலை பார்த்தார். அங்கே ஆட்சியிலும் வியாபாரத்திலும் இருந்தவர்கள் ஜெர்மன் பேசினார்கள். சுற்றியிருந்த விவசாயிகள் லாட்விய மொழியில் பாடினார்கள். படிக்காத அந்த மக்களின் பாட்டுகளில்தான் ஓர் இனத்தின் உயிர் இருக்கிறது என்று ஹெர்டர் நம்பத் தொடங்கினார். 1778, 1779 ஆண்டுகளில் பல மொழிகளின் நாட்டுப்பாடல்களை ஜெர்மனில் தொகுத்து வெளியிட்டார். எல்லா இனத்துக்கும் ஒரு குரல் உண்டு, ஒன்றைவிட ஒன்று உயர்ந்ததில்லை என்பது அவர் நிலைப்பாடு. பின்னால் வந்தவர்கள் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியை வசதியாக மறந்தார்கள்.

அப்புறம் நெப்போலியன் வந்தார். 1806இல் யேனாவில், வலிமையான ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் படை நொறுங்கியது. அதே ஆண்டில் பழைய புனித ரோமானியப் பேரரசும் கலைந்தது. தோற்றுப்போன ஜெர்மானியர்களிடம் மிச்சம் இருந்த பொதுச்சொத்து மொழி ஒன்றுதான். கிரிம் சகோதரர்களின் கதைத் தொகுப்பு 1812இல் வந்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால், அது வெறும் குழந்தைகள் புத்தகமாகத் தெரியாது.

நாடே இல்லாத மக்களுக்குக் கவிதை என்ன செய்ய முடியும்?

போலந்தைப் பார்த்தால் போதும். 1772, 1793, 1795 என்று மூன்று தவணைகளில் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அந்த நாட்டைப் பங்கு போட்டு முடித்தன. 1830 நவம்பரில் நடந்த எழுச்சி தோற்றதும் ஆயிரக்கணக்கானோர் பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கேதான் 1834இல் ஆதம் மிட்ஸ்கியேவிச்சின் ‘பான் ததேயுஷ்’ வெளியானது. பன்னிரண்டு பகுதிகள் கொண்ட கதைக்கவிதை.

தேசிய காப்பியம் என்றதும் போர்க்களத்தையும் வீர முழக்கத்தையும் எதிர்பார்ப்போம். இதில் இருப்பது என்ன தெரியுமா? ஒரு பாழடைந்த கோட்டை யாருக்குச் சொந்தம் என்று இரண்டு குடும்பங்களுக்குள் நடக்கும் வழக்கு. காளான் பறிக்கப் போகும் கூட்டம். கரடி வேட்டை. காப்பி எப்படிப் போட வேண்டும் என்பதற்கு ஒரு தனி வர்ணனை. புலம்பெயர்ந்தவன் எதை நினைத்து ஏங்குவானோ அதையெல்லாம் மிட்ஸ்கியேவிச் கணக்கெடுத்து எழுதிவைத்தார். கதை நடப்பது 1811, 1812இல். நெப்போலியனின் படை ரஷ்யாவை நோக்கிப் போகிறது, விடுதலை வந்துவிட்டது என்று எல்லோரும் விருந்து வைக்கிறார்கள், அத்தோடு கவிதை முடிகிறது. அந்தப் படை என்ன ஆனது என்று 1834இல் படித்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்த மௌனத்துக்கு ஈடாக எந்த முழக்கத்தையும் என்னால் சொல்ல முடியவில்லை.

கடைசிப் பகுதியில் யான்கியேல் என்ற யூத விடுதிக்காரர் தந்தி இசைக்கருவி ஒன்றை வாசிக்கிறார். 1791இன் அரசியல் சாசனம், துரோகம், படுகொலை, மீண்டும் நம்பிக்கை என்று போலந்தின் சமீபத்திய வரலாறு முழுவதும் அவர் கையில் இசையாகிறது. நாட்டின் கதையைச் சொல்லும் பொறுப்பை ஒரு யூதரிடம் கொடுத்திருக்கிறார் கவிஞர். போலந்து என்றால் யாருடைய போலந்து என்று பிற்காலத்தில் சண்டை போட்டவர்கள் இந்தப் பக்கத்தை எப்படித் தாண்டினார்கள் என்பது எனக்குப் புரியாத விஷயம்.

மிட்ஸ்கியேவிச் போலந்துக்காரர்தானே? லித்துவேனியாவும் அவரைக் கொண்டாடுகிறதே?

இன்றைய பெலாரஸில் பிறந்தார். இன்று லித்துவேனியாவின் தலைநகராக இருக்கும் வில்னியூஸில் படித்தார். போலிஷ் மொழியில் எழுதினார். ‘பான் ததேயுஷ்’ தொடங்குவதே லித்துவேனியாவைத் தாய்நாடே என்று விளிக்கும் வரியில்தான். போலந்தின் தலைநகர் வார்சாவில் அவர் கால் வைத்ததே இல்லை. அவர் காலத்தில் இதில் முரண்பாடு எதுவும் இல்லை. பழைய போலந்து-லித்துவேனியக் கூட்டரசில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. எல்லைக்கோடுகள் பிறகு வந்தன. இப்போது மூன்று நாடுகளும் அவரைத் தங்களவர் என்கின்றன. மூன்றுமே சரிதான்.

மற்ற தேசிய கவிஞர்களாவது மண்ணின் மைந்தர்களா?

பட்டியலைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஹங்கேரியின் பெட்டோஃபி 1823இல் பிறந்தபோது அவர் குடும்பப் பெயர் பெட்ரோவிச். பெற்றோர் ஸ்லோவாக் வழி வந்தவர்கள். பெயரைப் பிறகு அவரே ஹங்கேரிய மொழிக்கு மாற்றிக்கொண்டார். கிரேக்க தேசிய கீதத்தை எழுதிய சொலோமோஸ் இத்தாலியில் படித்தவர். முதலில் கவிதை எழுதியதும் இத்தாலிய மொழியில். 1823இல் அவர் எழுதிய அந்தப் பாட்டில் 158 பத்திகள் உண்டு. 1865இல் தேசிய கீதம் என்று அறிவிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. அவர் பிறந்த சாகிந்தோஸ் தீவு கிரேக்கத்தோடு சேர்ந்ததே அதற்கு முந்தைய ஆண்டில்தான். பின்லாந்தின் தேசிய கீதத்தை எழுதிய ரூனெபெர்க் எழுதியது ஸ்வீடிஷ் மொழியில்.

இது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். நடு வீட்டில் இருப்பவனுக்கு ‘நான் யார்’ என்ற கேள்வி எழுவதே இல்லை. எல்லையில் பிறந்தவர்களும் இரண்டு மொழிக்காரர்களும்தான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

பின்லாந்தின் காப்பியமான காலேவாலா மக்கள் பாடியதா, ஒருவர் எழுதியதா?

இரண்டும். எலியாஸ் லோன்ரோத் கயானி என்ற சிற்றூரில் மாவட்ட மருத்துவர். விடுப்பு கிடைத்தபோதெல்லாம், பின்லாந்து-ரஷ்ய எல்லையின் இரு பக்கமும் விரிந்த கரேலியா காடுகளுக்குப் போய், கிராமத்துப் பாடகர்கள் பாடியதை எழுதிக்கொண்டார். அவருக்குக் கிடைத்தது தனித்தனிப் பாட்டுகள். ஒரே ஊரிலேயே ஒரே பாட்டுக்குப் பல வடிவங்கள் இருந்தன. அவற்றை வெட்டி, ஒட்டி, பாத்திரங்களை இணைத்து, இடைவெளிகளில் தானும் வரிகள் சேர்த்து ஒரு தொடர்கதையாக்கினார். முதல் பதிப்பு 1835இல் வந்தது. விரிவுபடுத்திய 1849 பதிப்பில் 50 பாடல்கள், 22,795 வரிகள்.

உடனே நாடே அதை வாசித்ததாக நினைக்க வேண்டாம். முதல் பதிப்பு 500 பிரதிகள்தான். அவை விற்றுத் தீரவே பல ஆண்டுகள் ஆயின. புத்தகம் வாங்கக்கூடிய வர்க்கம் ஸ்வீடிஷ் பேசியது. அவர்களில் பலருக்கு ஃபின்னிஷ் படிக்க வராது. ஆனாலும் ‘நம் மொழியிலும் ஒரு காப்பியம் இருக்கிறது’ என்ற செய்தி பரவிவிட்டது. வாசிக்கப்படாத புத்தகத்துக்கும் அரசியல் பலன் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. பின்லாந்தை அப்போது ஆண்ட ரஷ்யப் பேரரசர் 1863இல் ஃபின்னிஷ் மொழிக்கு ஸ்வீடிஷுக்குச் சமமான இடம் தர உத்தரவிட்டார். 1917இல் நாடு விடுதலை பெற்றது. முதல் பதிப்பின் முன்னுரையில் லோன்ரோத் இட்ட தேதி பிப்ரவரி 28. பின்லாந்தில் இன்றும் அந்த நாளில் காலேவாலா தினம்.

பாட்டுகளில் பெரும்பகுதி எல்லைக்கு அந்தப் பக்கம், ரஷ்யக் கரேலியாவில் கிடைத்தவை. இந்தச் சங்கடத்தைப் பள்ளிப் புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை.

பழம்பாடல் என்ற பெயரில் போலிகள் வந்தனவாமே?

வந்தன, அதுவும் பெரிய அளவில். 1760இல் ஜேம்ஸ் மக்பெர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கேலிக் (Gaelic) என்ற பழைய ஸ்காட்லாந்து மொழியில் பாடிய ஒசியன் என்ற ஆதிகாலக் கவிஞரின் பாடல்களைக் கண்டெடுத்து மொழிபெயர்த்ததாகச் சொல்லி வெளியிடத் தொடங்கினார். ஐரோப்பாவே மயங்கியது. ஜெர்மன் கவிஞர் கேதே மயங்கினார், நெப்போலியன் மயங்கினார். ஆங்கில அறிஞர் சாமுவேல் ஜான்சன் போன்றவர்கள் மூலப்பிரதி எங்கே என்று கேட்டார்கள். கடைசிவரை வரவில்லை. உண்மையான கேலிக் கதைப்பாடல்களின் சாயல் அதில் இருந்தது; கட்டடம் மக்பெர்சனுடையது.

செக் கதை இன்னும் சுவாரசியம். 1817இல் ஒரு தேவாலயத்தில் பழைய கையெழுத்துப்படி ஒன்றைக் கண்டெடுத்ததாக வாட்ஸ்லாவ் ஹன்கா அறிவித்தார். அடுத்த ஆண்டு இன்னொன்று கிளம்பியது. ஜெர்மானியர்களுக்கு நிகரான பழமை செக் இலக்கியத்துக்கும் உண்டு என்பதற்குச் சான்றாக அவை கொண்டாடப்பட்டன. ஸ்மெதனாவின் ‘லிபுஷே’ என்ற இசைநாடகம்கூட அந்தப் பாடல்களில் இருந்து கதை எடுத்தது. இரண்டாவது பிரதி போலி என்று மூத்த அறிஞர் டோப்ரோவ்ஸ்கி ஆரம்பத்திலேயே சொன்னார், யாரும் கேட்கவில்லை. 1886இல் மொழியியலாளர் கெபாவரும் தத்துவப் பேராசிரியர் மசாரிக்கும் ஆதாரங்களோடு விஷயத்தை உடைத்தார்கள். தேசத்துரோகி என்று மசாரிக்கைப் பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. பொய்யின் மேல் தேசத்தைக் கட்டக் கூடாது என்பது அவர் வாதம். 1918இல் செக்கோஸ்லோவாக்கியா உருவானபோது அதன் முதல் ஜனாதிபதி அந்த மசாரிக்தான்.

ஒரு கவிதை ஒரே நாளில் புரட்சியைக் கிளப்பிய உதாரணம் உண்டா?

மிக நெருங்கி வருவது 1848 மார்ச் 15, இன்றைய புடாபெஸ்டின் ஒரு பகுதியான பெஸ்ட் நகரம். பெட்டோஃபிக்கு அப்போது 25 வயது. இரண்டு நாள் முன்பு எழுதிய ‘தேசியப் பாடல்’ என்ற கவிதையோடு நண்பர்களும் மாணவர்களும் சூழ ஓர் அச்சகத்துக்குள் புகுந்து, தணிக்கை அனுமதி இல்லாமலே அச்சடிக்க வைத்தார்கள். கூடவே பன்னிரண்டு அரசியல் கோரிக்கைகளும் அச்சாயின. அன்று மாலைக்குள், ஹங்கேரியை ஆண்ட ஆஸ்திரியப் பேரரசின் அதிகாரிகள் பணிந்தார்கள். தேசிய அருங்காட்சியகப் படிகளில் நின்று அவர் அந்தக் கவிதையை வாசிக்கும் காட்சி ஹங்கேரியில் எல்லோருக்கும் மனப்பாடம். அன்று பல இடங்களில் அவர் வாசித்தது உண்மை. அந்தப் படிகளில் வாசித்தாரா என்பதை ஆய்வாளர்கள் பலர் சந்தேகிக்கிறார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 31 அன்று செகெஷ்வார் போரில் காணாமல் போனார். உடல் கிடைக்கவில்லை.

கவிதை மட்டும் அதைச் சாதிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த மாதமே பாரிஸிலும் வியன்னாவிலும் புரட்சி வெடித்த செய்தி வந்திருந்தது. பெட்டோஃபி சரியான நேரத்தில் சரியான அச்சகத்தில் இருந்தார்.

அரசாங்கங்கள் கவிஞர்களைக் கண்டு நிஜமாகவே பயந்தனவா?

தராஸ் ஷெவ்சென்கோவைக் கேட்டால் தெரியும். 1814இல் பண்ணையடிமையாகப் பிறந்தவர். ஓவியத் திறமையைக் கண்ட கலைஞர்கள், கவிஞர் ஜுகோவ்ஸ்கியின் உருவப்படத்தை வரைந்து குலுக்கலில் விட்டு, கிடைத்த 2,500 ரூபிளைக் கொடுத்து 1838இல் அவரை மீட்டார்கள். இரண்டே ஆண்டில் ‘கொப்சார்’ என்ற சிறு தொகுப்பு உக்ரைனிய மொழியில் வந்தது. பேரரசரின் குடும்பத்தையும் ஆட்சியையும் சாடிய கவிதைகள் பிடிபட்டபோது, 1847இல் அவரைச் சிப்பாயாக்கித் தொலைதூரப் படைமுகாமுக்கு அனுப்பினார்கள். எழுதவும் கூடாது, வரையவும் கூடாது என்று முதலாம் நிக்கோலஸ் தன் கையாலேயே குறிப்பு எழுதினார். ஷெவ்சென்கோ சின்னச் சின்னக் குறிப்பேடுகளைக் காலணிக்குள் ஒளித்துவைத்து எழுதினார். பத்தாண்டு கழித்து 1857இல்தான் விடுதலை. அவர் இறந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் பயம் போகவில்லை: உக்ரைனிய மொழியில் புத்தகம் அச்சிடுவதையே 1876இல் ஓர் ஆணை பெருமளவு தடைசெய்தது.

இந்தப் பயம் 19ஆம் நூற்றாண்டோடு நிற்கவில்லை. மிட்ஸ்கியேவிச்சின் ‘ஜியாடி’ நாடகம் 1967 நவம்பரில் வார்சாவில் மேடையேறியபோது, ஜார் ஆட்சியைத் திட்டும் வசனங்களுக்குப் பார்வையாளர்கள் கைதட்டினார்கள். 1968 ஜனவரியில் கம்யூனிஸ்ட் அரசு நாடகத்தை நிறுத்தியது. மாணவர்கள் கவிஞரின் சிலைக்கு ஊர்வலம் போனார்கள். அந்த மார்ச் மாதப் போராட்டங்களுக்கு அதுவே தொடக்கம்.

எல்லாக் கவிஞர்களும் தெரிந்தே தேசத்துக்காக எழுதினார்களா?

இல்லை. செக் கவிஞர் மாஹா 1836இல் சொந்தச் செலவில் ‘மே’ என்ற நெடுங்கவிதையை வெளியிட்டார். மே மாத மாலை, காதல், மரண தண்டனைக்குக் காத்திருக்கும் ஒரு கொலையாளி, செத்த பிறகு ஒன்றுமில்லை என்ற வெறுமை. தேசப்பற்றாளர்களுக்குக் கடுங்கோபம்: இது நம் மக்களுக்கு என்ன தரும்? அதே ஆண்டில் 26 வயது நிறையும் முன்பே மாஹா இறந்தார். அடுத்தடுத்த தலைமுறைகள் அவரை நவீன செக் கவிதையின் ஆரம்பம் என்று தூக்கிப்பிடித்தன. செக் நிலத்தின் ஒரு பகுதியை ஹிட்லருக்குக் கொடுத்த 1938 மியூனிக் ஒப்பந்தத்தால் அவர் புதைக்கப்பட்ட ஊர் ஜெர்மனிக்குப் போகும் நிலை வந்ததும் உடலைத் தோண்டி எடுத்து, ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழிருந்த பிராகில் 1939 மே மாதம் மறுபடி அடக்கம் செய்தார்கள். பெருங்கூட்டம் கூடியது. தேசத்துக்கு உதவாதவர் என்று ஒதுக்கப்பட்டவரின் இறுதிச் சடங்கு தேசத்தின் எதிர்ப்பு ஊர்வலமாகிவிட்டது.

ஸ்லோவேனியாவின் பிரெஷெரென் இரண்டையும் ஒரே கவிதையில் பின்னினார். யூலியா என்ற பெண்ணின் மேல் கொண்ட ஒருதலைக் காதலில் 15 சானெட்டுகள் (14 வரிக் கவிதைகள்) கோத்து ஒரு மாலை எழுதினார். பதினைந்தாவதன் வரிகளின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் அவள் பெயர் வரும். நடுவில் தன் மக்களின் அவலமும் வருகிறது. 1844இல் அவர் எழுதிய குடிப்பாட்டு ஒன்று தணிக்கையில் மாட்டி, 1848 வரை அச்சேறவில்லை. அதன் ஏழாவது பத்திதான் இன்றைய ஸ்லோவேனிய தேசிய கீதம். எல்லா நாட்டு மக்களும் நன்றாக இருக்கட்டும், எல்லைக்கு அப்பால் இருப்பவன் அண்டைவீட்டானாக இருக்கட்டும் என்பதே அதன் சாரம். இருக்கிற தேசிய கீதங்களில் எனக்குப் பிடித்தது இது.

பெண்களின் பங்கு?

பாடியதில் நிறைய, புகழில் குறைவு. லாரின் பராஸ்கே என்ற ஏழைப் பாடகியிடமிருந்து மட்டும் சுமார் 32,000 வரிகள் எழுதி எடுக்கப்பட்டன, காலேவாலாவைவிட அதிகம். எஸ்டோனியாவில் லிடியா கொய்டுலாவின் கவிதை 1869இல் தார்த்துவில் நடந்த முதல் பாடல் திருவிழாவில் பாடப்பட்டது. சோவியத் ஆட்சியில் தேசிய கீதம் தடைசெய்யப்பட்டிருந்தபோது, அவருடைய அதே வரிகள் புதிய மெட்டில் அந்த இடத்தை நிரப்பின.

இதற்கு இருண்ட பக்கம் இல்லையா?

தாராளமாக இருக்கிறது. ஜெர்மானியர்களின் தாய்நாடு எது என்று 1813இல் ஜெர்மன் கவிஞர் ஆர்ன்ட் ஒரு பாட்டில் கேட்டு, ஜெர்மன் மொழி ஒலிக்கும் இடமெல்லாம் என்று பதிலும் சொன்னார். அந்த மொழி ஒலித்த இடங்களில் வேறு மொழிகளும் ஒலித்தன. அவர்கள் கதி என்ன என்று பாட்டு கேட்கவில்லை. 1817இல் வார்ட்புர்க் கோட்டையில் கூடிய தேசியவாத மாணவர்கள் ‘ஜெர்மன் தன்மை இல்லாத’ நூல்களின் பெயர் எழுதிய கட்டுகளைத் தீயில் போட்டார்கள். போலந்தை மற்ற நாடுகளுக்காகச் சிலுவை சுமக்கும் கிறிஸ்துவாக மிட்ஸ்கியேவிச் வர்ணித்ததும் எனக்கு நெருடல்தான். தன் துன்பமே புனிதமானது என்று நம்பத் தொடங்கும் மக்களுக்கு மற்றவர் துன்பம் கண்ணில் படாது.

ரஷ்யக் கவிஞர் புஷ்கின் விஷயம் இன்னும் வலிக்கும். அவரும் மிட்ஸ்கியேவிச்சும் ரஷ்யாவில் பழகியவர்கள், ஒருவரையொருவர் மதித்தவர்கள். 1831இல் போலந்து எழுச்சி நசுக்கப்பட்டபோது புஷ்கின் பேரரசின் பக்கம் நின்று, ஐரோப்பா இதில் தலையிட வேண்டாம் என்று கவிதை எழுதினார். ‘ரஷ்ய நண்பர்களுக்கு’ என்ற கவிதையில் மிட்ஸ்கியேவிச் கசப்போடு பதில் சொன்னார். இருவருமே மகாகவிகள். ஒருவர் விடுதலைக்கு, இன்னொருவர் பேரரசுக்கு. கவிதை எந்தப் பக்கமும் வேலை செய்யும்.

கவிஞர்கள் இல்லாவிட்டாலும் இந்த நாடுகள் உருவாகியிருக்குமா?

எல்லை வரைந்தது போர்கள்தான். முதல் உலகப் போரில் மூன்று பேரரசுகளும் சரியாமல் இருந்திருந்தால் 1918இல் போலந்து வந்திருக்காது. ஆனால் 123 ஆண்டுகள் மூன்று ஆட்சிகளின் கீழ் மூன்று விதமாக வளர்ந்தவர்கள், ஒரே நாட்டுக்காரர்கள் என்று தங்களை நினைத்துக்கொண்டிருந்ததற்கு, வீட்டுக்குள் ரகசியமாக வாசித்த புத்தகங்கள் ஒரு முக்கியக் காரணம். அதற்கு மேல் கவிதைக்குப் பெருமை சேர்க்க எனக்கு விருப்பமில்லை. பள்ளிக்கூடம், செய்தித்தாள், பாடல் திருவிழா, ரயில் எல்லாம் சேர்ந்துதான் அதை ஊர் ஊராகக் கொண்டுபோயின.

எதிலிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

‘பான் ததேயுஷ்’ மொழிபெயர்ப்பில் கொஞ்சம் இழந்தாலும் கதை இழுத்துக்கொண்டு போகும். இரண்டாம் பகுதியில் காப்பி வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். காலேவாலாவை முதலிலிருந்து படிக்காமல், குல்லெர்வோ என்ற அநாதைச் சிறுவனின் கதை வரும் 31ஆம் பாடலில் தொடங்கி 36 வரை போகலாம். தனிக் கதையாகவே நிற்கும். மாஹாவின் ‘மே’ ஒரே மாலையில் முடிந்துவிடும். ஒசியனைத் தவிர்த்தால் நஷ்டமில்லை.